விட்டுப்போன ஏழு பக்கங்கள்



நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கலாம்.

காலையில் நடக்கப் போகிற எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "சார், இந்த ஏஐ ஏஐங்கறாங்களே, அதனால நம்மள மாதிரி ஆளுக்கு என்ன பிரயோஜனம்? பொய்ப் படம் போட்டு ஊரை ஏமாத்தத்தானே ஆகுது?" அதற்குள் டீ வந்துவிட்டது, பேச்சு திசை மாறிவிட்டது. அவருக்கு அங்கேயே ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எதையும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி. வரலாற்று வாத்தியார் புத்தி. தவிர, இந்த விஷயத்தில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் பாக்கி இருக்கிறது. என்னுடைய தவறு ஒன்று. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழையது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

1986இல் என் பதினோராம் வகுப்பில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்தாம் வகுப்பு வரை பார்வையற்றோர் பள்ளியில் பிரெய்லில் படித்தவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான், போடவில்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஊசி மாதிரி ஒரு கருவியை வைத்துக் கனமான தாளில் டக் டக்கென்று குத்திக் குறிப்பெடுப்பான். அந்தச் சத்தம் நின்றால் நான் ஏதோ தேவையில்லாத கதை பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு அது நல்ல பிரம்பாக இருந்தது.

அவன் பிளஸ் டூ முடித்து பி.ஏ. வரலாறு சேர்ந்தபோது சிக்கல் ஆரம்பித்தது. கல்லூரிப் புத்தகங்கள் எதுவும் பிரெய்லில் இல்லை. விடுதியில் கூட இருக்கும் பையன்கள் மனம் வைத்தால் வாசித்துக் காட்டுவார்கள். அவர்களுக்குப் பரீட்சை என்றால் இவனுக்கு வாசிக்க ஆள் கிடையாது. அதாவது இவனுக்கும் பரீட்சை நடக்கிற அதே நாட்களில். ஒரு லீவில் வீட்டுக்கு வந்து, "சார், நீங்க வாசிச்சு கேசட்ல பதிஞ்சு குடுத்தீங்கன்னா நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்குவேன்" என்றான். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தேன். மூன்று வருடம். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் ஓடுகிற கேசட்டுகள். பின்னணியில் என் வீட்டுக் குக்கர் விசில், தெருவில் கோலமாவு விற்கிறவர் குரல், சின்ன மகளின் அழுகை எல்லாம் பதிவாகியிருக்கும். பல்லவர் கால நீர்ப்பாசனத்துக்கு நடுவில் என் மனைவி "அரிசி ஊறிடுச்சு, மாவு மில்லுக்குப் போகணும்" என்று சொன்னதையும் அவன் மனப்பாடமாகச் சொல்லுவான்.

சரி, கதை இங்கே நிற்கட்டும். இப்போது வரலாறு.

பிரெய்ல் எழுத்து யாரால் வந்தது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். பிரான்சில் தோல் வேலை செய்கிறவர் வீட்டில் 1809இல் பிறந்த லூயி பிரெய்ல், சிறு வயதில் அப்பாவின் பட்டறையில் கூரான கருவி ஒன்று கண்ணில் பட்டுப் பார்வை இழந்தார். சார்ல் பார்பியே என்பவர் உருவாக்கிய புள்ளி எழுத்தைச் சுருக்கி, ஆறு புள்ளிக்குள் அடக்கி, 1829இல் வெளியிட்டபோது அவருக்கு இருபது வயது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. மகத்தான கண்டுபிடிப்புத்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரெய்லில் மாற்றி அச்சடித்த புத்தகத்தைத்தான் படிக்க முடியும். மாற்றுவதற்கு ஆள் வேண்டும், தாள் வேண்டும், காசு வேண்டும். நம் கையில் அடங்குகிற ஒரு பாடப்புத்தகம் அதில் தலையணை தலையணையாக நாலைந்து பாகம் ஆகிவிடும். அதனால் உலகத்தில் அச்சாகும் புத்தகங்களில் மிகச் சிறிய பங்குதான் அந்தப் பக்கம் போய்ச் சேரும். செய்தித்தாள், கடிதம், மின்கட்டண ரசீது, மாத்திரை அட்டை இதெல்லாம் பிரெய்லில் வராது. சாதாரண அச்சையே நேராகப் படிக்க வழி உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி.

முதல் முயற்சி நூறு வருடத்துக்கும் பழையது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஃபோர்னியே தால்ப் என்ற இயற்பியலாளர் 1913 வாக்கில் 'ஆப்டோஃபோன்' என்று ஒரு கருவி செய்தார். செலினியம் என்ற தனிமத்தின் மீது வெளிச்சம் விழுந்தால் அதில் மின்சாரம் ஓடும் அளவு மாறும். அதைப் பயன்படுத்தி, தாளின் மீது கருவி நகரும்போது எழுத்தின் வடிவத்துக்கு ஏற்ற மாதிரி வெவ்வேறு சுருதியில் ஒலி எழுப்பினார். அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்ன மெட்டு. மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண் அந்த மெட்டுகளைக் கற்றுக்கொண்டு உண்மையிலேயே புத்தகம் படித்துக் காட்டினார். நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் இங்கே படித்தது மனுஷி. கருவி வெறுமனே பாடியது. எது 'எ', எது 'பி' என்பது அதற்குத் தெரியாது.

எழுத்தை எழுத்து என்று தெரிந்துகொள்ளும் இயந்திரம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வந்தது. 1950களில் அமெரிக்காவில் டேவிட் ஷெப்பர்ட் செய்த இயந்திரத்தை ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை தன் அலுவலகத்தில் பயன்படுத்தியது. அந்தக் காலத்து இயந்திரங்கள் எழுத்தை ஒட்டிப் பார்த்தே கண்டுபிடித்தன. தையல்காரர் துணி மேல் அளவுத்தாளை வைத்துப் பார்ப்பது போல, உள்ளே வைத்திருக்கும் வடிவத்தோடு பொருந்தினால் சரி, இல்லையென்றால் விழிக்கும். அச்செழுத்து கொஞ்சம் மாறினாலும் போச்சு. அதனால் இயந்திரம் படிப்பதற்கென்றே தனியாக, கட்டம் கட்டமான எழுத்துருக்களை உருவாக்க வேண்டியிருந்தது. மனிதன் இயந்திரத்துக்கு ஏற்ற மாதிரி எழுதினான். வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் அது போதும். புத்தகம் படிக்க விரும்புகிறவனுக்குப் போதாது.

இங்கேதான் ரேமண்ட் கர்ஸ்வைல் வருகிறார். 1948இல் பிறந்த அமெரிக்கர். இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் எந்த எழுத்துருவில் அச்சடித்திருந்தாலும் படிக்கும் மென்பொருளைத் தயாரிக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். ஓர் எழுத்தில் எத்தனை சுழி, எங்கே வளைவு, எங்கே நேர்கோடு என்று பண்புகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற முறை. அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதில் தெளிவில்லை. ஒரு விமானப் பயணத்தில் பக்கத்து இருக்கையில் பார்வையற்ற ஒருவர் உட்கார்ந்திருந்தாராம். தன்னால் எல்லாம் முடிகிறது, சாதாரணமாக அச்சடித்த தாளைப் படிப்பது மட்டும்தான் முடியவில்லை என்று அவர் சொன்னாராம். அதிலிருந்துதான் தனக்கு வழி பிறந்தது என்று கர்ஸ்வைல் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

அதற்கு இரண்டு விஷயம் கூடுதலாக வேண்டியிருந்தது. பக்கத்தை உள்வாங்கும் தட்டையான ஸ்கேனர் ஒன்று. எழுத்தைக் குரலாக மாற்றும் கருவி ஒன்று. மூன்றையும் சேர்த்து 1976 ஜனவரி 13ஆம் தேதி பத்திரிகையாளர்கள் முன்னால் இயக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவின் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பும் இதில் பங்காளி. பார்வையற்றவர்களே உட்கார்ந்து சோதித்து, இது சரியில்லை, அது வேண்டும் என்று சொல்லிச் செம்மையாக்கிய இயந்திரம் அது. (பயன்படுத்தப் போகிறவனைக் கேட்டுச் செய்த பொருள் நிலைக்கும். கேட்காமல் கட்டிய எங்கள் ஊர்ப் பேருந்து நிலையச் சாய்தளத்தில் ஆடு மட்டும்தான் ஏறும்.) அன்று இரவு வால்டர் கிராங்கைட், தொலைக்காட்சிச் செய்தியின் முடிவில் தான் வழக்கமாகச் சொல்லும் வாசகத்தை அந்த இயந்திரத்தின் வாயால் சொல்லவைத்தார். பாடகர் ஸ்டீவி வொண்டர் கேள்விப்பட்டு நேரிலேயே போய், முதல் இயந்திரத்தை வாங்கிக்கொண்டார். அளவு ஒரு மேசை கொள்ளும். விலையோ பல ஆயிரம் டாலர்கள். நூலகங்களும் பணக்காரர்களும்தான் வாங்க முடிந்தது.

1976 ஜூனில்தான் நான் வேலையில் சேர்ந்தேன். அப்படியொரு இயந்திரம் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. அதற்குப் பத்து வருடத்துக்கும் மேல் கழித்து நான் டேப் ரிக்கார்டர் முன்னால் தொண்டை வறண்டு உட்கார்ந்திருந்தேன் என்றால், கண்டுபிடிப்புக்கும் நம் தெருவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த திருப்பம், இன்று நாம் ஏஐ என்று சொல்வதன் நேரடியான ஆரம்பம். கர்ஸ்வைல் இயந்திரத்தில் எழுத்தின் இலக்கணத்தை மனிதர்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். அச்செழுத்துக்கு அது சரிப்படும். கையெழுத்துக்குச் சரிப்படாது. முப்பத்துமூன்று வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், ஒரு கட்டு விடைத்தாளில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை வகை 'ழ'. இதற்கு எந்த விதி எழுதுவீர்கள்? ஆனாலும் நான் படித்தேனே, எப்படி? யாரும் எனக்கு விதி சொல்லித் தரவில்லை. ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. இயந்திரத்தையும் அப்படிப் பழக்க முடியுமா?

பூனையின் மூளை காட்சியை எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்று ஹியூபலும் வீசலும் கண்டறிந்ததை வைத்து, ஜப்பானில் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980இல் அதே அடுக்குமுறையில் ஒரு கணினி வலையமைப்பை முன்வைத்தார். பிரான்சிலிருந்து அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துக்கு வந்த யான் லெகுன், 1989இல் தம் சகாக்களோடு அதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார். அவர்கள் எடுத்துக்கொண்ட பாடப்புத்தகம் என்ன தெரியுமா? பஃபலோ நகர அஞ்சல் நிலையம் வழியாகப் போன கடித உறைகளில் ஜனங்கள் கையால் எழுதிய பின்கோடு எண்கள். மொத்தம் 9,298 இலக்கங்கள். அதில் 7,291ஐக் காட்டிப் பழக்கினார்கள், மீதி 2,007ஐ வைத்துப் பரீட்சை வைத்தார்கள். நூற்றுக்கு ஐந்துதான் தவறு.

பழக்குவது என்றால், ஒன்றாம் வகுப்பு டீச்சர் செய்வதுதான். ஒரு '7'ஐக் காட்டு. இயந்திரம் '1' என்று சொல்லும். தப்பு என்று சொல். உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தித் தன்னைத் திருத்திக்கொள்ளும். அடுத்ததைக் காட்டு. இப்படி ஆயிரம் ஆயிரமாய். கடைசியில் அதற்கு '7' தெரிந்துவிடும். ஆனால் '7' என்றால் என்ன என்று அதனால் சொல்ல முடியாது. நம்மாலும் முடியாது என்பது வேறு விஷயம். 1990களில் இந்த முறை அமெரிக்க வங்கிகளில் காசோலை படிக்கும் இயந்திரங்களுக்குள் போனது. ஒரு கட்டத்தில் அந்த நாட்டுக் காசோலைகளில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை இதுதான் படித்தது என்று லெகுன் சொல்லியிருக்கிறார். 'ஏஐ எப்போது வந்தது' என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அது கொட்டு மேளத்தோடு வரவில்லை, தபால் ஆபீஸ் பின்வாசல் வழியாக வந்தது.

இதில் நம் எல்லோருக்கும்கூடப் பங்கு உண்டு. இணையத்தில் ஏதோ விண்ணப்பம் போடும்போது, கோணல்மாணலாக இரண்டு சொல்லைக் காட்டி 'நீ மனிதன்தானா, தட்டிக் காட்டு' என்று கேட்கும், ஞாபகம் இருக்கிறதா? 2007இல் லூயிஸ் வான் ஆன் குழுவினர் கொண்டுவந்த ஏற்பாடு. அதில் ஒரு சொல், பழைய நியூயார்க் டைம்ஸ் இதழ்களிலிருந்தும் புத்தகங்களிலிருந்தும் இயந்திரத்தால் படிக்க முடியாமல் போனது. நாம் சலித்துக்கொண்டே படித்துக் கொடுத்தோம். சம்பளம் இல்லாத வாத்தியார் வேலை.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்தில் ஒரு தனித் தொல்லை இருக்கிறது. கொம்பு முன்னால் வரும், கால் பின்னால் வரும், 'கொ' என்றால் இரண்டு பக்கமும் வரும். அது போதாதென்று 1978க்கு முன்னால் அச்சான புத்தகங்களில் எழுத்தே வேறு. பெரியார் 1935இலேயே குடி அரசில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை, அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு ஏற்றது. ணா, றா, னா வரிசைகளும் ணை, லை, ளை, னையும் சேர்ந்து 13 எழுத்துகள் மாறின. யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்துப் போடும் பழைய 'லை'யை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய புத்தகத்தைப் படிக்கிற இயந்திரம் அந்தத் தும்பிக்கையைப் பார்த்ததும் மிரண்டுவிடும்.

1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் பழைய நூல்களைக் கையால் தட்டச்சு செய்துதான் இணையத்தில் ஏற்றினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தமிழ் எழுத்துணரியையும், தமிழைப் பேசும் மென்பொருளையும் உருவாக்கினார்கள். எச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்த 'டெசராக்ட்' என்ற எழுத்துணரி 2005இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டு, பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்து தமிழும் கற்றுக்கொண்டது. நாட்டுடைமையான தமிழ் நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேல் விக்கிமூலத்தில் ஸ்கேன் பக்கங்களாக ஏறின. இயந்திரம் முதலில் படிக்கும், தன்னார்வலர்கள் பிழை திருத்துவார்கள். கணினித் திரையை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' மென்பொருளை ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் ஆரம்பித்தார். அவரே பார்வையற்றவர். அதுவும் இலவசம். 1976இல் மேசை அளவில் இருந்தது, பல ஆயிரம் டாலர் விலை சொன்னது, இப்படித்தான் நம் ஊர் பிரவுசிங் சென்டர் வரை வந்து சேர்ந்தது.

இனி என் கதை.

2019இல் ஒரு நாள் அந்த மாணவன் போன் செய்தான். மாணவன் என்ன மாணவன், அவனுக்கே அப்போது ஐம்பது. உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர், அவனுடைய மகள் கல்லூரியில். நல்லா இருக்கியா, குடும்பம் எப்படி என்று விசாரித்து முடித்ததும் சொன்னான்.

"சார், நீங்க காலேஜ்ல எனக்கு வாசிச்சுக் குடுத்தீங்களே, அந்தத் தமிழ்நாட்டு வரலாறு பெரிய புத்தகம். ஒரு நண்பர் அதை ஸ்கேன் பண்ணி எழுத்தா மாத்திக் குடுத்தார். ஒரு வாரமா கம்ப்யூட்டர்ல முழுசாக் கேட்டேன்."

"அடேயப்பா. நல்லாப் படிக்குதா?"

"குரல்தான் ரோபோ மாதிரி இருக்கு. உங்க குக்கர் விசில் இல்ல." சிரித்தான். அப்புறம் கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "அதுல வலங்கை இடங்கை பத்தி ஏழு பக்கம் இருக்கு சார்."

எனக்கு உடனே புரியவில்லை. இருக்கும்தானே. சோழர் காலத்திலிருந்து வெள்ளைக்காரன் காலம் வரை நீண்ட சாதிப் பிரிவினைச் சண்டை அது. 1707இல் மதராஸ் பட்டணத்தையே கலக்கியது. தமிழ்நாட்டு வரலாறு எழுதுகிறவர் அதை விடுவாரா?

"உங்க கேசட்ல அது இல்ல சார்."

பிறகு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எம்.ஏ. முடித்து 1996இல் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருக்கிறான். எந்தெந்தப் புத்தகம் படித்திருக்கிறாய் என்று கேட்டபோது முதலில் இந்தப் புத்தகத்தின் பெயரைத்தான் சொல்லியிருக்கிறான். குழுவில் ஒருவர், "அதில் வலங்கை இடங்கைப் பிரிவு பற்றி என்ன சொல்கிறார்?" என்று கேட்டிருக்கிறார். இவன் மூன்று முறை முழுக்கக் கேட்ட புத்தகம். துணிந்து சொல்லியிருக்கிறான், "ஐயா, அந்தப் புத்தகத்தில் அதைப் பற்றி இல்லை." அவர் சிரித்துவிட்டு, "படிக்காததைப் படித்ததாகச் சொல்லக்கூடாது தம்பி" என்றாராம். வேலை கிடைக்கவில்லை. அது ஒன்றினால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இருபத்துமூன்று வருடம் அந்த மனிதரை இவன் மனதுக்குள் திட்டியிருக்கிறான். கண் தெரியாதவன்தானே, என்ன சொன்னாலும் நம்புவான் என்று வேண்டுமென்றே மடக்கப் பார்த்தார் என்று நினைத்திருக்கிறான். தன் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

நான் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எந்த மாதம் என்று தெரியாது, ஆனால் ஒரு சாயங்காலம். கேசட்டில் பத்து நிமிடம்தான் பாக்கி. அந்தப் பகுதியை வாசிக்க இருபது நிமிடமாவது வேண்டும். இன்னொரு கேசட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். பழைய வினாத்தாள்களைப் பார்த்தேன், அதிலிருந்து கேள்வி வந்ததாகத் தெரியவில்லை. 'பரீட்சைக்கு வராது' என்று தாண்டி, அடுத்த தலைப்பை வாசித்துக் கேசட்டை முடித்துவிட்டேன். விட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். "இங்கே ஏழு பக்கம் விடுகிறேன்" என்று சொல்ல ஐந்து வினாடி ஆகியிருக்கும். அது தோன்றவே இல்லை. நான் அவனுக்கு உபகாரம் செய்துகொண்டிருந்தேன் அல்லவா, உபகாரம் செய்கிறவன் கணக்குச் சொல்வதில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நீங்க இல்லைன்னா மத்த ஐந்நூறு பக்கமும் இல்லியே" என்றான். அது பெருந்தன்மை. அடுத்து அவன் சொன்னதுதான் எனக்கு உறைத்தது: "ஆனா ஒண்ணு சார். இப்பத்தான் முதல் தடவையா, ஒரு புத்தகத்துல எதைப் படிக்கணும் எதை விடணும்னு நானே முடிவு பண்றேன். போரடிக்கிற அத்தியாயத்தை நானே தாண்டுறேன். அதுவே சந்தோஷமா இருக்கு."

நடைப்பயிற்சி நண்பரே, உங்கள் கேள்விக்கு அவன் பதில் இது. என் பதிலையும் கேளுங்கள்.

எனக்குக் கண் அழுத்த நோய் இருப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. 2023இலிருந்து என்னால் செய்தித்தாள் படிக்க முடிவதில்லை. எனக்குப் போனில் படிக்கச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். தினமும் இரவு எட்டரைக்குப் பாடம். "சார், விரலை அழுத்தாதீங்க, தடவுங்க. அவசரப்படாதீங்க." நான் முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளிடம் சொன்னதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. போன் கேமராவைக் கடிதத்தின் மேல் பிடித்தால் வாசிக்கிறது. மாத்திரை அட்டையைக் காட்டினால் பெயரும் காலாவதித் தேதியும் சொல்கிறது. ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' செயலி ரூபாய் நோட்டைக் காட்டினால் எவ்வளவு என்று சொல்லும், இணையம்கூட வேண்டாம். புது நோட்டுகளின் அளவெல்லாம் மாறிய பிறகு தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். இந்தப் பதிவையும் நான் தட்டச்சு செய்யவில்லை. வாயால் சொல்லச் சொல்லப் போன் எழுதுகிறது, பேத்தி ஒற்றுப்பிழை பார்க்கிறாள். வங்கிக் கடிதத்தை மருமகன் படித்துத்தான் என் இருப்பு எனக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை இல்லை. மருமகன் தங்கமானவர். அது வேறு விஷயம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. போன வருடம் ஒரு பழைய புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து, புதிதாக வந்த பேசும் ஏஐ ஒன்றிடம் வாசிக்கச் சொன்னேன். படம் கொஞ்சம் ஆடிவிட்டது போல. கணீரென்று ஒரு பத்தி வாசித்தது. அழகான தமிழ். பாண்டியர் முத்துக்குளிப்பைப் பற்றி. எனக்குச் சந்தேகம். அந்த ஆசிரியர் நடை எனக்குத் தெரியும், அவர் அவ்வளவு சரளமாக எழுத மாட்டார். பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று வரிக்குப் பிறகு அது சொன்ன எதுவும் பக்கத்தில் இல்லை. மங்கலாக இருந்த இடத்தை அதுவாகவே இட்டு நிரப்பியிருக்கிறது. பழைய எழுத்துணரி தப்பாகப் படித்தால் 'க்ஷ்ழ்ட்' என்று உளறும், தப்பு என்று காது கண்டுபிடித்துவிடும். இது தப்பைத் திருத்தமாகச் சொல்கிறது. அன்றிலிருந்து மருந்துச் சீட்டை மட்டும் போன் படித்தாலும் மருந்துக்கடைக்காரரிடம் ஒருமுறை கேட்காமல் மாத்திரை போடுவதில்லை.

இதை அவனிடம் சொன்னபோது, "நீங்க விட்டீங்க, அது சேர்க்குது சார்" என்றான். விடுவானா? முப்பது வருடக் கடன்.

இப்போது அவன் ஒரு வேலை எடுத்திருக்கிறான். அந்தப் புத்தகத்தின் இயந்திரம் படித்த பிரதியை வரி வரியாகக் கேட்டு, எங்கெல்லாம் சொல் இடறுகிறதோ அங்கெல்லாம் குறித்து வைக்கிறான், தன்னைப் போலப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு. சந்தேகம் வந்தால் எனக்குப் போன் வரும். அச்சுப் பிரதி என் அலமாரியில்தான் இருக்கிறது, 1978க்கு முந்தைய அச்சு, பக்கமெல்லாம் தும்பிக்கை. நேற்று இரவும் வந்தது. "சார், 312ஆம் பக்கம், மேலேர்ந்து நாலாவது வரி. 'மலைபடு பொருள்'னு இருக்கா, 'மலபடு'ன்னு இருக்கா பாருங்க."

மேசை விளக்கைக் கிட்டத்தில் இழுத்து, பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து, வலது கண்ணை வரிக்கு நேராகக் கொண்டுபோய் எழுத்து எழுத்தாகத் தேட எனக்கு நாலைந்து நிமிடம் பிடித்தது. அவன் போனில் காத்திருந்தான்.

"'மலை'தான்பா. தும்பிக்கை இருக்கு."

"சரி சார். அடுத்த வரியையும் வாசிங்க. விடாம வாசிங்க."

வாசித்தேன்.